கூரையைப் பிடித்து வைத்திருப்பது எது? கல்முனைக் கரையோர வீடுகளும் சூறாவளிக் காற்றும்

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளி 900க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அம்பாறைக் கரையோரமும் அதற்குத் தப்பவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரோ கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஊர்களில் வீட்டுப் பாதுகாப்பு என்றாலே கடல்நீர்தான் பேச்சு. காற்றைப் பற்றிய அக்கறை மங்கிவிட்டது. இங்கே கூரை பறிபோவதற்கு ஓட்டையோ சீற்றையோ குறைகூறுவது போதாது, பிணைப்பே முதற் பலவீனம், அதன் வேர் வீடு வளரும் முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அச்சூறாவளிக்குப் பின் 1980இல் வெளியான கட்டட வடிவமைப்புக் கைநூல், நாட்டை மூன்று காற்று வலயங்களாக வகுத்துக் கிழக்குக் கரையை மிகக் கடுமையான வலயத்தில் வைத்தது. சாதாரண வீட்டுக்கு அது கொண்ட வேகம் செக்கனுக்கு 49 மீற்றர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். அதே சதுர மீற்றரில் அஸ்பெஸ்டஸ் சீற்றின் எடை சுமார் 15 கிலோ. ஓடும் மரமும் சேர்ந்தாலும் 150இல் பாதியை எட்டாது. கூரையின் மேலே வழுகி ஓடும் காற்று அதை உறிஞ்சித் தூக்குகிறது. தாவாரத்திலும் முகட்டு ஓரத்திலும் அந்த இழுவை இன்னும் அதிகம். காற்றுப்பக்க யன்னல் உடைந்தால் உள்ளிருந்தும் தள்ளும். ஆகவே, ஓடு பாரமானது, அசையாது என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில் நிற்காது.

இனி வீட்டுக்கு வருவோம். மகளுக்கு வீடு கொடுக்கும் இக்கரையோர வழக்கத்தை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த வீடு ஒரே மூச்சில் எழுவதில்லை. முதலில் இரண்டு அறை. காசு சேரச் சேர முன்விறாந்தை, பின்பத்தி, குசினி. ஒவ்வொரு சேர்க்கையின் கைமரமும் பழைய சுவரில் சாய்ந்து சில ஆணிகளில் தொங்குகிறது. வீடு பார்க்க வருவோருக்குத் தெரிவது தரையும் சீலிங்கும் என்பதால் பணமும் அங்கேயே போகிறது. இதற்காக ஓடாவியைக் குறைசொல்வது அநியாயம். கேட்காத வேலையை அவர் எப்படிச் செய்வார்?

கடற்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவதும் பிழை. புயலின் மையம் மட்டக்களப்பை ஒட்டி மேற்கே நகர்ந்தால், தெற்கிலுள்ள கல்முனைக்குக் கடுங்காற்று பெரும்பாலும் தரைப்பக்கமிருந்தே வரும். ஏனெனில் இங்கே புயலின் சுழற்சி இடஞ்சுழி.

கொங்கிறீற் பிளாட் போட்டால் போதாதா என்று கேட்கலாம். காற்றைத் தாங்கும்தான். ஆனால் மீனவர் வீட்டுக்கும் மருதமுனை நெசவாளரின் தறிக்கொட்டிலுக்கும் அந்தச் செலவு எட்டாது. பக்கம் திறந்த கொட்டிலில் காற்று உள்ளே நுழைந்து கூரையைத் தூக்கும் என்பதால், அதற்கே பிணைப்பு அதிகம் தேவை. தேவைப்படுவது தொடர் பிடிமானம்: சலாகை கைமரத்தோடு, கைமரம் சுவர்வளையோடு, சுவர்வளை கொங்கிறீற் பட்டியோடு, பட்டி தூணின் கம்பி வழியே அத்திவாரத்தோடு. இடையில் ஒன்று விட்டாலும் மற்றவை வீண். இவற்றைப் பிணைக்கும் நாகமுலாம் பூசிய இரும்புப் பட்டிகள் மொத்தச் செலவில் சிறு பங்குதான். உப்புக்காற்றில் சாதாரண ஆணி கறள் பிடித்துவிடுவதால் முலாம் அவசியம்.

இன்னொரு சிக்கல், இந்தப் பிணைப்புகள் சீலிங் அடித்ததும் மறைந்துவிடுகின்றன. வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பதோடு உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு முடிந்தால், அவற்றைப் பார்க்க எவருமில்லை. மரவேலை முடிந்து சீலிங் தொடங்குமுன் ஒரு நாள், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். பின்பத்தி போடும்போதும் அவ்வாறே.