பகோடா: ஒரு சொல், மூன்று பொருள்
(திருப்பதிக் கோயில் ஆவணங்களை முன்வைத்து)

போர்ச்சுகீசியர் வழக்கிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த 'பகோடா' என்னும் சொல் கோயில், தெய்வப்படிமம், பொன் நாணயம் என மூன்று பொருள்களில் வழங்கியது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இம்மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் ஒரே சொல்லால் இவற்றைப் பெயர்த்தல் இயலாது. நாணயத்தை 'வராகன்' என்றே வழங்குதல் மரபு.

இச்சிக்கல் திருப்பதி வரலாற்றில் மிகுதியும் எழுகிறது. 1801 முதல் 1843 வரை, ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைக்கப்படும்வரை, திருமலைக் கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேற்பார்வையில் இருந்தது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆட்சியரே அதைக் கவனித்தார். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை, சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் எனக் கணக்கிடப்பட்டது. எனவே கோயிலும் அதன் வருவாயும் ஒரே ஆங்கிலச் சொல்லால் குறிக்கப்பெற்றன.

நாணயமும் இம்மயக்கத்தை மிகுவித்தது. விசயநகர வேந்தர் வேங்கடபதிராயரின் பொற்காசில் வேங்கடேசுவரர் திருவுருவம் பொறிக்கப்பட்டது. கம்பெனி வெளியிட்ட 'மூன்று சுவாமி பகோடா'வில் திருமாலும் தேவியர் இருவரும் இடம்பெற்றனர். படிமமும் காசும் இங்கு ஒன்றாயின.

ஆதலின் மொழிபெயர்ப்பாளர் அகராதியை மட்டும் நம்புதல் போதாது. சூழலே பொருளைத் துணியும். எண்ணும் செலுத்துதலும் உடன்வரின் வராகன். திருப்பணியும் பூசையும் உடன்வரின் கோயில். இதனைக் கருதாவிடின் கோயிலின் வருவாய் கோயில்களின் தொகையாகத் திரிந்துவிடும். பொருளியல் வரலாறும் சமய வரலாறும் ஒருங்கே பிழைபடும்.