பல்லாங்குழியும் தொகுத்தெண்ணும் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிறு குழந்தைக்கு எண்ணக் கற்பித்தல் என்றவுடன் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாகச் சொல்ல வைப்பதே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின் எண்ணுப்பெயர்களை ஒப்பித்தல் வேறு. பொருள்களைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து எண்ணுதல் வேறு. பின்னதே பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அடித்தளமாகும். தமிழரின் மரபுவழிக் கணக்குக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் திண்ணைப் பள்ளியையும் எண்சுவடியையும் மட்டுமே கருத்திற் கொள்கிறோம். வீட்டுத் தாழ்வாரத்தில் விளையாட்டின் வழியே நிகழ்ந்த கல்வி அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. அவ்விடத்தை இக்கட்டுரை சுட்டிக்காட்ட முற்படுகிறது.

திண்ணைப் பள்ளியில் தொகுத்தெண்ணல்

திண்ணைப் பள்ளி மாணவர் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை மனனம் செய்தனர். இவற்றுள் நெல்லிலக்கம் முகத்தலளவை பற்றியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என இது வளர்ந்து கலம் வரை செல்லும். சிறிய அளவுகள் சேர்ந்து பெரிய அளவாகும் முறையை மாணவர் இதன்வழி உணர்ந்தனர். இம்மனனம் பொருளற்ற ஒப்புவித்தல் அன்று என்பதையும், அளத்தல், கணக்கிடல் ஆகிய நடைமுறைத் தேவைகளோடு பிணைந்தது என்பதையும் செந்தில்பாபு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

ஆயினும் இப்பள்ளிகளில் பயின்றோர் யாவர் என்ற வினா எழுகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பின் முடிவுகள் 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் தொகுக்கப்பட்டன. அதன்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அம்மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. அஃதாவது நூற்றுக்கு மூவர்கூட இலர். இவ்வெண்ணைக் கொண்டு பெண்கள் எண்ணறியாதவராய் இருந்தனர் என முடிவு செய்வது பொருந்துமா?

கல்லும் காயும் கற்பித்தவை

பெண்கள் எண்ணிக்கையுள்ள காய்களைக் கொண்டு விளையாடும் வழக்கம் மிகத் தொன்மையானது. புறநானூற்றின் 36ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், பொருநை ஆற்று மணலில் மகளிர் பொன்னாலான கழங்கு கொண்டு ஆடும் காட்சியைக் காட்டுகிறார். அக்கழங்காட்டத்தின் விதிகளை நாம் அறியோம். ஆனால் பிற்காலத்து அஞ்சாங்கல் ஆட்டத்தின் விதிகள் நமக்குத் தெரியும். ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே விழுமுன் தரையிலுள்ள நான்கு கற்களையும் வார வேண்டும். முதற்கட்டத்தில் ஒவ்வொன்றாகவும், அடுத்து இரண்டிரண்டாகவும், பின்னர் மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் நான்கையும் ஒருசேரவும் வாருதல் முறை. நான்கு என்னும் எண்ணைப் பிரிக்கத்தக்க வழிகளை இங்குக் கைகளே கற்கின்றன.

பல்லாங்குழி இதனினும் விரிந்தது. பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள்; புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி போன்றவை காய்கள். குழிக்கு இத்தனை காய் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஐந்து காய் முறையை எடுத்துக்கொண்டால் மொத்தம் 70 காய்கள். ஆட்டத்தின் போக்கில் ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு' எனப்படும். குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். கவனியாது விட்டால் அடுத்த காய் விழுந்து ஐந்தாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை; பார்த்த மாத்திரத்தில் நான்கை நான்கென அறிய வேண்டும்.

ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1871ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். அவரைக் கொட்டைகளைப் பெட்டிக்குள் எறிந்து, நோக்கிய அளவில் அவற்றின் தொகையைச் சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் நான்கிலும் பிழை நேரவில்லை. ஐந்திலிருந்தே பிழை தொடங்கியது. எண்ணாமலேயே அறியும் ஆற்றலின் எல்லை ஏறத்தாழ நான்கு என்பது பின்வந்த உளவியல் ஆய்வுகளிலும் பேசப்பட்டது. பசுவுக்கு நான்கு காய் என விதித்தோர் இதனைக் கருதியே விதித்தனர் எனக் கூற நம்மிடம் சான்றில்லை. எனினும் அவ்விதி குழந்தையின் இயல்பான ஆற்றலோடு ஒத்துச் செல்வது வெளிப்படை.

ஒரு சுற்று முடிந்ததும் நிகழ்வது மேலும் கருதத்தக்கது. ஒருவரிடம் 38 காய்களும் மற்றவரிடம் 32 காய்களும் இருப்பதாகக் கொள்வோம். முன்னவர் குழிக்கு ஐந்தாக ஏழு குழிகளையும் நிரப்புவார், மிச்சம் மூன்று. பின்னவர் ஆறு குழிகளையே நிரப்ப இயலும், மிச்சம் இரண்டு. ஒரு குழி அடுத்த சுற்றில் அவருக்கு இல்லை. ஈவும் மீதியும் என்னும் சொற்களை அறியாத சிறுமி, அவ்விரண்டின் பொருளையும் இங்கு அறிந்துகொள்கிறாள்.

புதிய கல்விமுறையும் நம் வகுப்பறையும்

1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, குழந்தை கையால் தொட்டுக் கற்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். தனி மணி, பத்து மணிக் கோல், நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் ஆகியவை அவர்தம் கருவிகளுள் சில. பத்தின் அடுக்குகளை விளக்குவதில் இவை பல்லாங்குழியினும் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொருளைக் கையாண்டு தொகுத்தறிதல் என்னும் அடிப்படை நம் இல்லங்களுக்குப் புதிதன்று.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு முதல் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. பின்னர் அது படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. சிங்கப்பூரிலோ கணிதத்தின் பயிற்றுமொழி ஆங்கிலமே. தமிழ் ஒரு பாடம். இச்சூழலில் 'ஐந்தைந்தாக', 'நந்நான்காக', 'மிச்சம்' போன்ற சொற்கள் குழந்தையின் நாவில் புழங்குவதற்குரிய களம் சுருங்கிவிடுகிறது. பல்லாங்குழி அக்களத்தை மீட்டுத் தரவல்லது. மலாய் மக்களின் சொங்காக் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டமாதலின், பிற இன மாணவரும் இதில் எளிதாக இணைவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, பள்ளிப் பதிவேடுகளை மட்டும் கொண்டு தமிழரின் எண்ணறிவு வரலாற்றை எழுதினால் அதில் பெண்களின் பங்கு விடுபட்டுப் போகும். மற்றொன்று, பல்லாங்குழியைப் பண்பாட்டு விழாவின் காட்சிப் பொருளாக மட்டும் வைத்தல் அதன் பயனைக் குறைப்பதாகும். பலகையை மேசைமேல் வைத்து, காய்களைக் குழந்தைகளின் கையில் கொடுத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'எத்தனை குழி நிரம்பியது? எத்தனை காய் மிச்சம்?' என ஆசிரியர் தமிழில் வினவுவாராயின், மொழிப்பாடமும் கணிதமும் ஒருங்கே நிகழும். நம் பாட்டிமார் அறிந்திருந்த அக்கல்வியைப் பாடத்திட்டத்திற்குள் கொணர்தல் தமிழாசிரியரால் இயலும் பணியே ஆகும்.