நிலவேம்பு: எலிகளில் கிடைத்த இருவேறு முடிவுகள்

டெங்கு பரவும் காலங்களில் தமிழக அரசு வழங்கிவரும் நிலவேம்புக் குடிநீர் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் என்ற தகவல் 2017-ஆம் ஆண்டு சமூக ஊடகங்களில் பரவியது. அரசு அதனை மறுத்தது. எனினும், எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் இதுகுறித்து ஒரே முடிவைத் தரவில்லை.

1990-இல் வெளியான ஆய்வில், ஆண் எலிகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உலர் இலைத்தூள் 60 நாள்கள் அளிக்கப்பட்டபோது விந்தணு உற்பத்தி நின்றது. 1997-இல் வெளியான ஆய்விலோ, உலர் சாறு அதே 60 நாள்கள், உடல் எடையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டும் விந்தகத் திசுக்களிலோ டெஸ்டோஸ்டிரோன் அளவிலோ பாதிப்பு தென்படவில்லை.

தூளும் சாறும் ஒன்றல்ல. எந்தக் கரைப்பானில் எடுக்கப்படுகிறதோ அதற்கேற்பச் சாற்றில் சேரும் வேதிப்பொருள்கள் மாறும். குடிநீரோ நிலவேம்புடன் வெட்டிவேர், சுக்கு, மிளகு உள்ளிட்ட 9 சரக்குகளை நீரில் காய்ச்சி வடிப்பது. சில நாள்களே அருந்தப்படுவது. எனவே அச்சமூட்டும் முடிவை மட்டுமன்றி, ஆறுதல் தரும் முடிவையும் அதற்கு அப்படியே பொருத்த இயலாது.

இந்திய மருந்து விதி 158-பி-யின்படி, நீர், ஆல்கஹால் அல்லாத கரைப்பான்களில் எடுக்கப்படும் சாறுகளுக்கு நச்சுத்தன்மை ஆய்வு கட்டாயம். மரபு நூல்களில் உள்ளவாறே தயாரிக்கப்படும் மருந்துகளுக்கு உரிமம் பெற அத்தகைய ஆய்வு தேவையில்லை.