கிக்கர் போன கதை: பேட்டரி எப்படி வண்டிக்கு எஜமான் ஆனது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன வாரம் அலைபேசியில் கேட்டார். "ஐயா, ஒரு மாசம் ஊர்ல இல்ல. வந்து பார்த்தா வண்டி செல்ஃப் எடுக்கல. கிக்கரும் கிடையாது. தள்ளிப் பார்த்தேன், அதுக்கும் அசையல. எங்க அப்பா வண்டி பேட்டரி செத்துக் கிடந்தாலும் ஒரே உதையில ஓடுமே, இது ஏன் ஓட மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. அப்பா வண்டியில் பேட்டரி ஒரு வேலைக்காரன். மகன் வண்டியில் அதுவே எஜமான். இந்த மாற்றம் நடக்க நூறு வருடங்களுக்கு மேல் ஆனது.

முதலில் பேட்டரியின் பிறப்பு. வோல்டா 1800இல் செய்த மின்கலம் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். பள்ளியில் இதை முதன்மை மின்கலம் என்று படித்திருப்பீர்கள். தீர்ந்த பிறகு திரும்ப மின்னேற்றம் செய்யக்கூடிய துணை மின்கலத்தை 1859இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே செய்து காட்டினார். இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் பாய் போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். அவ்வளவுதான். 1881இல் கமில் ஃபோர் என்பவர் தகட்டின் மேல் காரீய ஆக்சைடைக் களிம்பாகப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் குறைந்த எடையில் அதிக மின்சாரம் சேமிக்க முடிந்தது, தொழிற்சாலைகளில் செய்யவும் வசதியானது. இன்றைக்கு உங்கள் வண்டி சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பிளாந்தேயின் பேரப்பிள்ளைதான். காரீயமும் மாறவில்லை, அமிலமும் மாறவில்லை.

ஆனால் மோட்டார் சைக்கிள் வந்த புதிதில் இந்தப் பேட்டரியை யாரும் பெரிதாக நம்பவில்லை. மேடு பள்ளத்தில் குலுங்கினால் தகட்டில் பூசிய களிம்பு உதிரும், அமிலம் சிந்தும். எனவே பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மேக்னெட்டோவை வைத்தார்கள். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் 1902இல் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ இதில் பெரிய திருப்பம். உள்ளே காந்தம் இருக்கும். என்ஜின் சுற்றினால் அதுவே மின்சாரத்தை உண்டாக்கிப் பொறி கொடுக்கும். பேட்டரியின் தயவு தேவையில்லை. விளக்குக்குக்கூட அந்தக் காலத்தில் கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு எரியும் அசிட்டிலின் வாயுதான்.

இதற்கு நடுவே 1912இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. செய்தவர் சார்லஸ் கெட்டரிங். அதுவரை காருக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். என்ஜின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். நம் ஊரில் பழைய லாரிகளிலும் அம்பாசடர் காரிலும் அந்தக் கைப்பிடி இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காருக்கு வந்தது பைக்குக்கும் வர வேண்டும் என்று ஒரு நிறுவனம் துணிந்தது. அதன் பெயர் இந்தியன்! நம் நாட்டு நிறுவனம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தது. 1914இல் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்ற வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர், மின்விளக்கு எல்லாம் வைத்து விற்றார்கள். ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் இருந்தது. பேட்டரிதான் சார்ஜ் நிற்காமல் காலை வாரிவிட்டது. அடுத்த வருடமே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். "செல்ஃப் எடுக்கல" என்ற புலம்பலுக்கு வயது நூற்றுப்பத்துக்கு மேல் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு பைக் உலகம் பல வருடங்கள் உதையிலேயே ஓடியது. ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டர் வைத்தது 1965இல்தான். அந்தப் பெருமையில்தான் 'எலெக்ட்ரா கிளைடு' என்று பெயர் சூட்டினார்கள். ஜப்பானின் ஹோண்டா 1969இல் கொண்டுவந்த சிபி 750 வண்டியில் செல்ஃப் இருந்தது. அதற்குப் பிறகு உலகச் சந்தையில் இது சாதாரணமாகிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவானது. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு ஹெட்லைட் மேல் இருந்த அம்மீட்டர் நினைவிருக்கும். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் பேட்டரிக்கு வரவா செலவா என்று தெரியும். வண்டியை எடுக்கும்போதும் அதே முள்தான் வழிகாட்டி. டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் ஓங்கி ஒரு உதை. தெரியாதவன் உதைத்தால் கெண்டைக்காலில் திருப்பி வாங்குவான்.

மைசூரில் ஐடியல் ஜாவா 1960களின் தொடக்கத்தில் ஜாவா வண்டியைத் தயாரித்தது. கியருக்கும் கிக்கருக்கும் ஒரே லிவர். அதன் தீப்பொறி பேட்டரியை நம்பியது. பேட்டரி முழுதாகப் படுத்தால் உதை மட்டும் போதாது. தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும்.

பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர், ஓசூரில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50, 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 ஆகியவை வேறு வகை. ஃப்ளைவீலில் காந்தம், அது சுற்றினால் பொறி. பேட்டரி செத்தால் ஹாரன் கம்மும், இண்டிகேட்டர் மினுங்காது. வண்டி ஓடும். கிராமத்துப் பள்ளிக்கு டிவிஎஸ் 50இல் போன ஆசிரியர்கள் எத்தனை பேர்! பெடலை இரண்டு மிதி மிதித்தால் கிளம்பிவிடும். பேட்டரியைப் பற்றிப் பேசிய ஞாபகமே எனக்கு இல்லை.

1984இல் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தது. பொத்தானை அமுக்கினால் கிளம்பும் ஸ்கூட்டர் நம் ஊருக்கு அதிசயம். புடவை கட்டிய ஆசிரியைகள் உதைக்கும் சிரமமில்லாமல் ஓட்டினார்கள். செல்ஃப் வெறும் சோம்பேறி வசதி என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் அந்தப் பொத்தான் ஒரு விடுதலை.

அப்போதும் கிக்கர் பக்கத்திலேயே இருந்தது. பேட்டரி கைவிட்டால் கால் இருந்தது. கடைசித் திருப்பம் சமீபத்தியது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதி. இதற்காகப் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. பெட்ரோலை அழுத்தித் தர மின்சாரப் பம்பு, எவ்வளவு தெளிப்பது என்று கணக்குப் போட ஒரு சின்னக் கணினி. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அறவே செத்துவிட்டால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் பெட்ரோல் வராது. தள்ளினாலும் பல வண்டிகள் அசையாததற்குக் காரணம் இதுதான். 2023இல் வந்த புதிய புல்லட்டிலேயே கிக்கர் இல்லை!

மாணவருக்கு ஒரு கணக்கும் சொன்னேன். சாவியை எடுத்த பிறகும் மீட்டர் கடிகாரம் போன்றவை சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். 2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 48, முப்பது நாளைக்கு 1440 மில்லி ஆம்பியர் மணி. அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை ஆம்பியர் மணி. சிறிய பைக்கின் பேட்டரி மொத்தமே 3 அல்லது 4 ஆம்பியர் மணிதான். புதிய பேட்டரி இதைத் தாங்கும். மூன்று கோடை பார்த்த பேட்டரி எப்படித் தாங்கும்?

சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டின் மேல் காரீய சல்பேட் படிகங்கள் கெட்டியாகின்றன. சர்க்கரைப் பாகு ஆறினால் கல்லாவது போல. பிறகு சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுதாகக் கரையாது. இப்படித்தான் பேட்டரி கிழடாகிறது. வெயிலும் அதன் ஆயுளைக் குறைக்கும். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

நடைமுறைக்கு உதவும் சில செய்திகள்:

1. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12க்கு வந்தால் ஏறக்குறைய காலி.

2. வண்டியை ஓடவிட்டு, கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குற்றவாளி பேட்டரி இல்லை. சார்ஜ் செய்யும் பகுதியில் கோளாறு. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் படுக்கும்.

3. முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளை, பச்சைப் பூ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாதி வியாதி அதிலேயே தீரும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ்.

4. ஊருக்குப் போகிறீர்களா? நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். அல்லது வீட்டில் இருப்பவரிடம் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திய இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடவிடுவது பயன் தராது.

5. மூடி திறக்கும் பழைய வகை பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது. சீல் வைத்த வகையைத் திறக்கவே கூடாது.

6. சார்ஜ் ஏற்ற கார் சார்ஜர் வேண்டாம். 4 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். மெதுவாக ஏற்றுவதுதான் நல்லது. காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அருகில் நெருப்பு கூடாது.

இத்தனைக்கும் அசையாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பழைய பேட்டரி எங்கே போகிறது? இந்தப் பதிவை எழுதியதே இதைச் சொல்லத்தான்.

நம் பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பெயரில்தான் உறவு, குணத்தில் இல்லை. காரீயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளிடம், கவலைக்குரிய அளவில் காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் அறிக்கை வெளியிட்டது. பழைய பேட்டரிகளை முறையில்லாமல் உடைத்து உருக்குவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சொன்னது.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு அருகே தியாரோயே என்ற ஊர். அங்கே பேட்டரி உடைத்த மண்ணைச் சலித்து, காரீயத் துகள் பொறுக்கி விற்றார்கள் ஏழை மக்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. அந்தப் பிள்ளைகள் யாரும் பைக் ஓட்டவில்லை. மண்ணில் விளையாடினார்கள், அவ்வளவுதான்.

நாற்பது குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவன் நான். அறிக்கையில் மூன்றில் ஒன்று என்று படித்ததும் பெஞ்சு பெஞ்சாக எண்ணிப் பார்க்கத்தான் தோன்றியது.

நம் நாட்டில் பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001இலேயே விதி வந்துவிட்டது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேலும் பொறுப்பை வைத்துள்ளன. முறையான ஆலைக்குப் போனால் அந்தக் காரீயம் உருகி மறுபடி புதுப் பேட்டரி ஆகும். வீணே ஆகாது.

ஆகவே புதுப் பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டு, ரசீது வாங்குங்கள். கூட நூறு ரூபாய் கிடைக்கிறதே என்று வாசலில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் போடாதீர்கள். அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் அது எந்த ஊர்ப் புறம்போக்கில், எந்தப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் உடைபடும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, ஓட்டை மட்டும் விற்பது அதைவிட மோசம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மாடிப்படிக்கு அடியிலோ செத்த பேட்டரி ஏதும் கிடக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கடையில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் முதலில் உதைத்த வண்டி எது என்பதையும் கீழே எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறேன்.