முஸ்டாங்கும் ஐந்தாம் கியரும்

ஃபோர்டு நிறுவனம் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகப்படுத்திய முஸ்டாங் காரின் கைமுறைக் கியர் பெட்டியில் மூன்று அல்லது நான்கு கியர்களே இருந்தன. உச்ச கியரின் விகிதம் 1:1. பெட்ரோல் மலிவாக இருந்தவரை இது குறையாகத் தெரியவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி அந்நிலையை மாற்றியது.

1983இல் முஸ்டாங்கில் போர்க்-வார்னர் டி-5 என்னும் ஐந்து கியர் பெட்டி இடம்பெற்றது. பின்னர் வந்த வி8 வகைகளில் ஓவர்டிரைவ் எனப்படும் ஐந்தாம் கியரின் விகிதம் 0.68. நான்காம் கியரில் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சின், அதே வேகத்தில் ஐந்தாம் கியரில் 2040 முறையே சுழலும். இரைச்சலும் தேய்மானமும் குறையும்.

இதனால் பழைய முஸ்டாங்குகளிலும் இப்பெட்டி பொருத்தப்படுகிறது. அதற்குத் தாங்கிச் சட்டம், கிளட்ச் இணைப்பு ஆகியவற்றை மாற்ற நேரிடலாம். அசல்தன்மை கெடாதிருக்க, உடற்பகுதியை வெட்டாமல் பொருத்திப் பழைய பெட்டியைப் பத்திரப்படுத்துவோர் உண்டு. பழைய கார் காக்கப்பட வேண்டியது கூடத்திலா, சாலையிலா என்பதே இதில் அடங்கிய கேள்வி.