ஜாம் போத்தல் விளக்கும் எங்கட வரலாற்றுப் புத்தகமும்

பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லோருக்கும் அந்த வரிசை மனப்பாடம். கல், வெண்கலம், இரும்பு. பிறகு அச்சு இயந்திரம், நீராவி, மின்சாரம், கணினி. 1769இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை எடுத்தார், பிரித்தானியா மாறியது, பிறகு உலகமே மாறியது. ஒரு படி ஏறினால் அடுத்த படி. படியால் இறங்கின சனத்தின் கதை அந்தப் புத்தகத்தில் இல்லை.

புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு இந்த வரிசையைப் படித்தால் ஒரு இடத்தில் இடிக்கும். 1990இல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ இன்றைய இணைய வலையை எழுதிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூனில் இங்கே போர் திரும்பத் தொடங்கியது. ரயில் நின்றது, கரண்ட் போனது, பொருளாதாரத் தடை வந்தது. உலகம் தகவல் யுகத்துக்குள் போன பத்தாண்டை எங்கட அம்மா அப்பாமார் மண்ணெண்ணெய் விளக்கில் கழித்தார்கள். அப்படியென்றால் தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றியது என்று நாங்கள் எழுதும்போது யாருடைய சமூகத்தைப் பற்றி எழுதுகிறோம்?

முதலில் குளத்தைப் பார்ப்போம். வன்னியின் மிகப் பழைய தொழில்நுட்பம் அதுதான். குளக்கட்டில் சும்மா ஒரு ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்க முடியாது. நீரின் அமுக்கம் கட்டையே அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் பழைய காலத்துப் பெருங்குளங்களில் கட்டோடு சேர்த்துக் கல்லால் ஒரு கிணறு மாதிரிக் கட்டினார்கள். அதற்குள் வைத்து அமுக்கத்தை அடக்கித் தேவையான அளவு தண்ணீரை வெளியே விட்டார்கள். இலங்கையில் வேலை செய்த பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வந்த தன் 'புராதன இலங்கை' நூலில் இந்த அமைப்பை வியந்து எழுதினார். ஆனால் அவர் காலத்தில் அப்படியான பல குளங்கள் உடைந்து காடு மூடிக் கிடந்தன. துருசு கட்டத் தெரிந்திருந்தது மட்டும் ஒரு குளத்தைக் காப்பாற்றிவிடாது. வருசா வருசம் வாய்க்கால் வெட்டவும் கட்டுக்கு மண் போடவும் ஊரில் சனம் இருக்க வேணும். சனம் கலைந்தால் குளமும் உடையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடு கட்டப்பட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் குடியேற்றத் திட்டங்களோடு திரும்ப உயிர் பெற்றன. வன்னியில் தொழில்நுட்பம் போய்த் திரும்பி வந்த முதல் கதை இதுதான்.

அடுத்தது ரயில். 1905இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் தண்டவாளத்தால் இணைந்தன. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. வன்னிச் சனத்துக்கு மாங்குளமும் கிளிநொச்சியும் வெளியுலகத்தின் வாசல்களாக இருந்தன. 1990இல் அந்த வாசல் பூட்டப்பட்டது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது 2013இல், யாழ்ப்பாணத்துக்கு 2014இல். அதாவது 1990இல் பிறந்த ஒரு வன்னிப் பிள்ளை 23 வயது வரைக்கும் தன் மண்ணில் ரயில் ஓடிக் கண்டிருக்காது. ஆனால் அதன் அம்மம்மா கண்டிருந்தார். முன்னேற்றம் ஒரே பக்கம் ஓடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் இந்தக் குடும்பத்தை எந்தப் படியில் வைப்பார்கள்?

இனித் தடைக் காலம். பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம், பல வகை மருந்து எல்லாம் தடைப்பட்டன அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெய் யானை விலை. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் ஒரு சின்னத் திரி. கண்ணாடிச் சுவர் காற்றை மறைக்கும், பஞ்சு எண்ணெயைச் சிந்தவிடாது. படிப்பும் சமையலும் பிரசவமும் அந்த வெளிச்சத்தில் நடந்தன.

பற்றரி இல்லாத ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ உயிர் கொடுத்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்குத் தேவை நேரோட்டம். இடையில் இருவாயி போட்டு மாற்ற வேணும். விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் சோதனைக்காகப் பாடமாக்கிய விசயத்தை, செய்தி கேட்க வேணும் என்ற அந்தரத்தில் செய்து பார்த்த தலைமுறை அது.

மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரிச் சுலபமாக ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் முதலில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். புகையும் சத்தமும் தாங்கேலாது, எஞ்சினும் கெதியில் பழுதாகும். ஆனால் வண்டி ஓடியது. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட பெருந்தொகைச் சனம் வன்னிக்கு வந்தபோது பெரும்பாலும் கைகொடுத்தது 19ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பான சைக்கிள்தான்.

பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜேர்ட்டன் 2006இல் வெளியிட்ட 'பழையதன் அதிர்ச்சி' என்ற நூலில் ஒரு கேள்வி எழுப்புகிறார்: ஏன் எப்போதும் கண்டுபிடித்த ஆண்டை மட்டும் எழுதுகிறோம், சனம் உண்மையில் எதைப் பயன்படுத்தியது என்று ஏன் எழுதுவதில்லை? இரண்டாம் உலகப் போர் என்றதும் எங்களுக்குத் தாங்கியும் விமானமும் ஞாபகம் வரும். ஜேர்மன் படையோ இலட்சக்கணக்கான குதிரைகளை நம்பி நகர்ந்தது. இந்தக் கண்ணால் பார்த்தால் வன்னி உலக வரலாற்றுக்குப் பின்தங்கிய மூலை இல்லை. பழசையும் புதுசையும் திருத்தி, ஒட்டி, மாற்றி வாழ்வதுதான் உலகத்தில் பெரும்பாலான சனத்தின் தொழில்நுட்ப வரலாறு.

ஆனால் இதை ஒரு வீரக்கதையாக்குவதிலும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. எங்கட சனம் கெட்டிக்காரர், எதுவும் இல்லாமலே வாழும் என்று சொல்வது தடையை நியாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். ஜாம் போத்தலால் விளக்குச் செய்யலாம், மலேரியாவுக்கு மருந்து செய்யேலாது. தொண்ணூறுகளில் வன்னியை மலேரியா வாட்டியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் கண்டுபிடிப்பு இல்லாமல் யாரும் சாகவில்லை. மருந்து உலகத்தில் இருந்தது. அது வருகிற பாதையில்தான் தடை இருந்தது.

2009க்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வந்தன. கரண்ட், மொபைல், மோட்டார் சைக்கிள், அறுவடை இயந்திரம். மற்ற நாடுகள் பல பத்தாண்டுகளில் கண்ட மாற்றத்தைப் போரில் எல்லாவற்றையும் இழந்த சனம் சில வருசங்களில் கண்டது. கூடவே லீசிங்கும் நுண்கடனும் வந்தன. முன்பு அருவி வெட்டிக் கூலி வாங்கிய பெண்களின் வேலையை இயந்திரம் எடுத்தது. அதே பெண்களின் வீட்டு வாசலில் கடன் அறவிடுபவர்கள் வந்து நின்றார்கள். இயந்திரத்தில் பிழை இல்லை. அது யாருடைய கையில், என்ன வட்டிக்கு வந்தது என்பதுதான் கேள்வி. 18ஆம், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நெசவாளருக்கும் இதே கேள்வி இருந்தது.

2022இல் முழு நாடும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. ஒரு கட்டத்தில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. தெற்கில் பலருக்கு அது முதல் அனுபவம், எங்கட பெரியாக்களுக்குப் பழகின ஒன்று. நாடு முழுக்க அந்த அனுபவம் தேவைப்பட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்க எழுத்தில் அது பெரிதாக இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். அந்தக் காலத்தில் இருவாயி போட்டவர்களுக்கும் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டியவர்களுக்கும் இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் செய்த பொருட்கள் பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போகின்றன. வீட்டில் ஒரு பழைய டைனமோவோ விளக்கோ கிடந்தால் விற்க முதல் ஒரு படம் எடுங்கள். எப்படிச் செய்தது, எந்த உதிரி எங்கே கிடைத்தது, எது சரிவரவில்லை என்று செய்தவரிடமே கேட்டு எழுதுங்கள். ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். எங்கட சனத்தின் தொழில்நுட்பத்துக்கு அவர்களின் ஞாபகம் மட்டும்தான் காப்பகம்.