மிஞ்சிய சக்கரம்

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ரயில் எஞ்சின் சக்கரம் இருக்கிறது. சாயர்புரத்துக்காரனான எனக்கு அதை லேசாகப் பார்த்துவிட்டு நகர மனம் வரவில்லை. அந்தச் சக்கரம் உருண்ட பாதையின் மறுமுனை எங்கள் தூத்துக்குடி.

மூணாறை ஒட்டிய குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல் இறங்கும். சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கின. பிறகு போடிக்கு மாட்டுவண்டி. போடிக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். பெட்டிகள் கடைசியாக வந்துசேர்ந்த தூத்துக்குடியிலும் அன்று கப்பல் கரையை ஒட்டி நிற்காது, கடல் ஆழமில்லை. பெட்டிகளைத் தோணியில் ஏற்றி, மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், பெருவெள்ளம் வந்தது. பாலங்களும் தண்டவாளமும் போயின. மீண்டும் ரயில் போடவில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. கண்ணெதிரே பார்க்கக்கூடிய தளவாடமாக அருங்காட்சியகத்தில் அந்தச் சக்கரம் இருக்கிறது. அதை எடுத்து வைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அது இருப்பதால்தான் பார்க்கிற பிள்ளை, "இங்கே ரயில் ஓடியதா?" என்று கேட்கிறது.

எங்கள் வட்டாரத்திலும் ஒரு சிறு ரயில் ஓடியது. பதநீரிலிருந்து சர்க்கரை எடுத்த பாரி கம்பெனி ஆலைக்காகக் குலசேகரன்பட்டினம், திசையன்விளைப் பக்கம் போட்ட பாதை அது, 1940-இல் நின்றது. அந்த ஊர்களில் யார் வீட்டிலாவது அதன் தண்டவாளத் துண்டோ, பயணச்சீட்டோ, பழைய படமோ கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்கோ குப்பைக்கோ போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒப்படையுங்கள். எந்த ரயிலுடையது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியும் வையுங்கள்.